டெண்டருக்கு முன்னால் ஸ்கோப்பை எடைபோடுவது எப்படி: வேலூர்ப் பக்கம் ப்ராஜெக்ட் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு கம்பெனியின் ப்ராஜெக்ட் டிபார்ட்மென்டில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், இல்லை ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் ஜூனியர் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த மாதமே "புது யூனிட் ஒண்ணு வருது, சீக்கிரம் டெண்டர் போடணும்" என்று ஒரு ஃபைலைக் கையில் கொடுப்பார்கள். திறந்து பார்த்தால் ஒரு பட்டா நகல், செல்போனில் எடுத்த மேப் படம், சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கிப் போட்ட ஒரு தொகை, அவ்வளவுதான். அந்தத் தொகை அதற்குள் பேங்க் மேனேஜர் மேஜைக்கும் போயிருக்கும். வேலையில் பின்னால் வரப்போகும் எக்ஸ்ட்ரா ஐட்டம், இடித்துக் கட்டுவது, கான்ட்ராக்டருடன் தகராறு எல்லாவற்றுக்கும் விதை இந்த மெல்லிய ஃபைலில்தான் இருக்கிறது. அதனால் வரைபடம் போடுவதற்கு முன்னால், நாம் கட்டப்போவது என்ன என்பது (இதைத்தான் ஸ்கோப் என்கிறார்கள்) எவ்வளவு தெளிவாக முடிவாகியிருக்கிறது என்று ஒரு முறை உட்கார்ந்து அளந்துவிட வேண்டும். அதற்கு ஒரு ஒழுங்கான முறை ஏற்கெனவே இருக்கிறது.

அந்த முறைக்குப் பெயர் ப்ராஜெக்ட் டெஃபனிஷன் ரேட்டிங் இண்டெக்ஸ், சுருக்கமாக பி.டி.ஆர்.ஐ. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 1983-ல் தொடங்கிய கன்ஸ்ட்ரக்‌ஷன் இண்டஸ்ட்ரி இன்ஸ்டிட்யூட் உருவாக்கியது. 1996-ல் ஆலைகளுக்கான பட்டியல் வந்தது, அதில் முடிவாகியிருக்க வேண்டிய 70 அம்சங்கள். 1999-ல் கட்டடங்களுக்கானது, 64 அம்சங்கள். அப்புறம் சாலை, குழாய், மின்பாதை போன்றவற்றுக்கு 68 அம்சங்களோடு 2010-ல் இன்னொன்று. சின்ன வேலைகளுக்குச் சுருக்கின பட்டியல்களும் பின்னால் வந்தன.

எதை எடுப்பது என்பதுதான் புதியவர்கள் முதலில் குழம்பும் இடம். வேலையின் மூளை யார் என்று பாருங்கள். ப்ராசஸ் இன்ஜினீயர் சொல்வதைக் கேட்டுத்தான் மற்ற எல்லாரும் வரைய வேண்டும் என்றால் ஆலைப் பட்டியல், ஆர்க்கிடெக்ட் என்றால் கட்டடப் பட்டியல், சிவில் இன்ஜினீயர் என்றால் உள்கட்டமைப்புப் பட்டியல். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஆலைக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் முதலாவது, பதனிட்ட தோலை வெளியில் வாங்கி ஷூ தைக்கிற யூனிட்டுக்கு இரண்டாவது, சிப்காட்டுக்குள் ரோடும் மழைநீர் வடிகாலும் போடுவதற்கு மூன்றாவது. ஷூ யூனிட், குடோன், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, லாட்ஜ் எல்லாமே கட்டடக் கணக்கில் அடங்கிவிடும் என்பதால் இங்கே கட்டடப் பட்டியலையே வைத்துப் பேசுகிறேன்.

மதிப்பெண் எப்படி விழுகிறது

ஒவ்வொரு அம்சத்துக்கும் 0-லிருந்து 5 வரை ஒரு நிலை கொடுக்க வேண்டும். 1 என்றால் முழுசாக முடிவாகிவிட்டது. 2 என்றால் சின்னக் குறைகள், 3 என்றால் சில குறைகள், 4 என்றால் பெரிய குறைகள், 5 என்றால் ஒன்றுமே முடிவாகவில்லை, 0 என்றால் இந்த வேலைக்கு அந்த அம்சமே பொருந்தாது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு எடை உண்டு, எல்லாம் கூட்டினால் 70-க்கும் 1000-க்கும் நடுவில் ஒரு எண் வரும். குறைவாக வந்தால் நல்லது, பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் எதிர். 200 அல்லது அதற்குக் கீழே வந்த ப்ராஜெக்ட்டுகள் செலவிலும் காலத்திலும் மற்றவற்றைவிட நன்றாக முடிந்தன என்று அந்த நிறுவனம் முடிந்த வேலைகளை வைத்துச் செய்த ஆய்வில் தெரிந்தது, அதனால் 200 என்பது எல்லாரும் பிடித்துக்கொண்ட இலக்கு.

எல்லா அம்சத்துக்கும் ஒரே எடை கிடையாது. கட்டடப் பட்டியலில் மூன்று பகுதிகள், அந்த 1000 புள்ளி இவற்றுக்குள் பிரிகிறது. ஏன் கட்டுகிறோம் என்கிற அடிப்படைக்கு 413, எதை வைத்து வடிவமைக்கிறோம் என்பதற்கு 428, எப்படி நடத்தி முடிப்போம் என்பதற்கு 159. முதல் அம்சமே 'கட்டடம் எதற்குப் பயன்படப்போகிறது' என்பதுதான். அது முழுசாக முடிவாகியிருந்தால் 1 புள்ளி, ஒன்றும் முடிவாகவில்லை என்றால் 44 புள்ளி, பட்டியலிலேயே கனமானது. ஏதோ சம்பிரதாயக் கேள்வி மாதிரி இருக்கும் இதைத்தான் எல்லாரும் "அது தெரிஞ்சதுதானே" என்று 1 போட்டுவிட்டுத் தாண்டுவார்கள். தாண்ட விடாதீர்கள்.

யாரைக் கூப்பிடுவது

முதலாளி அல்லது அவர் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் கட்டாயம் வேண்டும். அப்புறம் ப்ரொடக்‌ஷன் மேனேஜர், மெயின்டனன்ஸ் ஆள், அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர், எலக்ட்ரிக்கல் கன்ஸல்டன்ட், அரசாங்க அலுவலகங்களுக்கு அலைகிற லைசன் ஆள். இந்தக் கடைசி ஆளை மறந்துவிடுவார்கள், ஆனால் தாசில்தார் ஆபீஸில் ஃபைல் எங்கே நிற்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்தை நடத்துகிறவர் இந்த வேலையில் லாப நஷ்டம் இல்லாதவராக இருப்பது நல்லது. கம்பெனியின் வேறு யூனிட்டிலிருந்து ஒரு சீனியரைக் கூப்பிடலாம். ஆர்க்கிடெக்டையே நடத்தச் சொன்னால் தன் டிராயிங்குக்குத் தானே மார்க் போட்டுக்கொள்வார். பாவம், வேறென்ன செய்வார்.

அரை நாள் ஒதுக்குங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முதல் பகுதியை முடித்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு முதலாளிக்கு ஒரு போன் வரும், அப்புறம் அவர் திரும்ப வந்து உட்காருவது நிச்சயமில்லை.

கூட்டத்தை நடத்துவது

ஒரே ஒரு விதியைக் கறாராக வைத்துக்கொண்டால் போதும்: ஒவ்வொரு அம்சத்தையும் சத்தமாகப் படித்த பிறகு, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் நிலையைத் தாளில் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் பேச்சு. முதலாளி முதலில் "இது ஒண்ணு" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த அறையில் யாரும் நாலு என்று சொல்ல மாட்டார்கள், நம் ஊர் மரியாதை அப்படி.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ யூனிட் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் அம்சம், கட்டடத்தின் பயன்பாடு. தாள்களைத் திருப்பினால் முதலாளி 1, ஆர்க்கிடெக்ட் 1, ப்ரொடக்‌ஷன் மேனேஜர் மட்டும் 4.

"என்ன சார் நாலு போட்டிருக்கீங்க? ஷூவோட மேல்பகுதி, அப்பர் தைக்கப் போறோம், அதுதானே முடிவு?"

"அதுதான் பாய். ஆனா போன மாசம் ஷூ வாங்குற பையர் வந்தப்ப, பின்னாடி தோல் சுத்துற ட்ரம் ரெண்டு போட்டு சாயம் ஏத்துறதையும் நாமே பண்ணிடலாம்னு சொன்னீங்களே, அதுவும் இந்தக் கட்டடத்துலதானா?"

"அது நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அந்த 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்ற ஒற்றை வரியில் எவ்வளவு தொங்குகிறது பாருங்கள். தையல் மட்டும் என்றால் தண்ணீர்த் தேவை குடிக்கவும் கழிப்பறைக்கும்தான். இரண்டு ட்ரம் வந்தால் தண்ணீர் பல மடங்கு, கழிவுநீர், பொது சுத்திகரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்குமா என்ற கேள்வி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் வேறு பிரிவில் இசைவாணை, அமிலம் அரிக்காத தரை, ட்ரம்மின் எடையையும் அதிர்வையும் தாங்கும் அடித்தளம், எல்லாமே மாறும். இடமே மாறலாம். நீர்நிலைகளிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் தோல் பதனிடுவது போன்ற தொழில்கள் புதிதாக வரக்கூடாது என்று 1989-லேயே தமிழக அரசாணை இருக்கிறது. பாலாற்றை ஒட்டின தோல் ஆலைகள் விஷயத்தில் உச்சநீதிமன்றம் 1996-ல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. இந்த மாவட்டத்தில் 'பின்னாடி ட்ரம் போடலாம்' என்பதைச் சின்ன மாற்றமாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ட்ரம் வேண்டாம் என்று அன்றைக்கே எழுதிக்கொண்டால் நிலை 1. வேண்டும் என்றால் 4 அல்லது 5, அதை மறைக்காமல் எழுதுங்கள். ட்ரம் வேண்டும் என்று முடிவானால் ப்ராசஸ் இன்ஜினீயரை உள்ளே கொண்டுவந்து, ஆலைப் பட்டியலைக் கையில் எடுப்பதுதான் சரி.

என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் உருப்படியான பலன் இந்த வித்தியாசங்கள்தான். கடைசியில் வரும் கூட்டுத்தொகை 310-ஆ 280-ஆ என்பதில் பெரிய விஷயம் இல்லை. ஒரே அம்சத்துக்கு ஒருவர் 1 எழுதி இன்னொருவர் 4 எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும், இரண்டு பேர் மனதில் இரண்டு வெவ்வேறு கட்டடங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். நடுவில் பிளந்து 2.5 போடுவது, "சரி விடுங்க, மூணு போட்டுக்கலாம்" என்று சமாதானம் பண்ணுவது, இரண்டுமே கூடாது. ஏன் 4 என்று கேட்டு, சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் உதவும்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் தோட்டப்பாளையத்தில் லாட்ஜ் கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். "லாட்ஜ், நாப்பது ரூம்" என்று ஆரம்பிப்பார்கள். அங்கே வந்து தங்குகிறவர்களில் நிறையப் பேர் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்கி, தாங்களே மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறவர்கள். அறைக்குள் சமையல் மேடை உண்டா, கேஸ் எங்கே, ஸ்ட்ரெச்சர் நுழைகிற லிஃப்ட் உண்டா, துணி காயப்போட இடம் உண்டா என்று கேட்டால் பயன்பாட்டு அம்சம் 1-லிருந்து நேராக 3-க்குப் போய்விடும்.

நம் ஊரில் அதிகம் அடிவாங்கும் அம்சங்கள்

அமெரிக்கப் பட்டியலில் 'தளத் தகவல்', அதாவது மனையைப் பற்றிய விவரங்கள், என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அங்கே அது ஒரு பிரிவு, இங்கே அதுதான் பாதி உயிர்.

நிலத்தில் ஆரம்பியுங்கள். பட்டா இருக்கிறது என்பதற்காக 1 போடாதீர்கள். எஃப்.எம்.பி. என்கிற சர்வே துறையின் புல வரைபடத்தை எடுத்து சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டாகிவிட்டதா, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாகிவிட்டதா, நடுவில் ஓடைப் புறம்போக்கோ வண்டிப்பாதையோ போகிறதா, பக்கத்தில் ஏரி இருந்தால் அதன் எல்லை எது, விவசாய நிலம் என்றால் நிலப் பயன்பாட்டு மாற்றம் ஆகிவிட்டதா. இவற்றில் ஒன்றுக்கு "கேட்டுச் சொல்றேன்" என்று பதில் வந்தாலே நிலை 3. ஆர்க்கிடெக்ட் பட்டாவில் உள்ள பரப்பை வைத்து லேஅவுட் போட்டுவிட்டு, அப்புறம் அளந்தால் ஒரு பக்கம் நாலு அடி குறைகிறது என்பது இங்கே ரொம்பச் சாதாரணம். 2019-ல் வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்ததால், பழைய பத்திரத்தில் உள்ள மாவட்டம், வட்டம் பெயரும் இன்றைய ஆவணத்தில் உள்ளதும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதையும் லைசன் ஆளிடம் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வேலூர் டவுனுக்குள் என்றால் கோட்டையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்கே தடை, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு முன் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். இந்த அனுமதிக்கு ஆகும் காலத்தை யாரும் ஷெட்யூலில் போடுவதில்லை.

மண்ணும் பாறையும் அடுத்தது. மலையடிவாரத்தில் சில அடி தோண்டினதும் கருங்கல் வரும், பாலாற்றை ஒட்டிப் போனால் மணல். ஒரே மனையிலேயே ஒரு மூலையில் பாறையும் இன்னொரு மூலையில் நிரப்பின மண்ணும் இருக்கலாம். போர் போட்டு எடுத்த மண் பரிசோதனை ரிப்போர்ட் மேஜையில் இல்லாவிட்டால், "பக்கத்து மனையில் ஆறடியில் பாறை சார்" என்று யார் சொன்னாலும் நிலை 4-தான். பாறை உடைக்கும் ரேட்டும் சாதாரண மண் தோண்டும் ரேட்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று உங்கள் பழைய பி.ஓ.க்யூ. (வேலை அளவும் ரேட்டும் போட்ட பட்டியல்) ஒன்றைப் புரட்டிப் பாருங்கள், புரிந்துவிடும்.

தண்ணீருக்கு ஒரு வரி: காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது என்பது ஆலைக்குத் தண்ணீர் இருக்கிறது என்று ஆகாது, எங்கிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று எழுத்தில் வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் என்றால் போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் இந்த அம்சத்தை மூடாதீர்கள், மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு அங்கே நிலத்தடி நீரைக் கெடுத்தது ஊரறிந்த விஷயம். அதே சமயம் வெள்ளத்தையும் பாருங்கள். வருஷக்கணக்காக மணலாகவே கிடக்கிறது என்று பாலாற்றை மறந்திருந்தவர்களுக்கு 2021 நவம்பரில் கரை நிறைய ஓடிக் காட்டியது. மனைக்குப் பக்கத்தில் குடியிருக்கிற வயசானவர் யாரிடமாவது அந்த நவம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுவிட்டு, அந்த மட்டத்தை சர்வே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்ப வழி அனுமதி, தீயணைப்புத் துறை தடையின்மைச் சான்று, இவை எல்லாம் வழக்கம்போலத்தான். ஒன்று மட்டும்: கட்டடப் பரப்பு மொத்தம் 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். இரண்டாம் கட்டத்தையும் சேர்த்தால் தாண்டுமா என்று இப்போதே கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஷூ யூனிட்டுக்கு இன்னொன்று. வேலை செய்யப்போவது பெரும்பாலும் பெண்கள், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். காலையில் ஒரே நேரத்தில் எத்தனை பஸ் வரும், எங்கே திரும்பும், சாயங்காலம் வரை எங்கே நிற்கும்? ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து கேன்டீனும் குழந்தைகள் காப்பகமும் சட்டப்படியே தேவைப்படும். இது எதுவும் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்ற கணக்கில் இருக்காது.

கூட்டிய பிறகு

முதல் தடவை 500, 600 என்று வந்தால் பதற வேண்டாம், ஆரம்ப யோசனையில் அப்படித்தான் வரும். இந்த மதிப்பீட்டை ஒரே தடவை செய்துவிட்டு மூடி வைக்கக் கூடாது. சாத்தியக்கூறு பார்த்து முடித்ததும் ஒரு முறை, கான்செப்ட் முடிந்ததும் ஒரு முறை, பணம் ஒதுக்கி விரிவான டிசைனுக்குப் போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை செய்ய வேண்டும். அந்தக் கடைசி முறையில்தான் 200-ஐப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

பொருந்தாது என்று 0 போட்ட அம்சங்களின் எடையை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு 1000-க்கு விகிதம் பார்க்க மறக்காதீர்கள். இதில் ஒரு திருட்டுத்தனம் நடக்கும். பதில் தெரியாத அம்சத்துக்கெல்லாம் 0 போட்டால் மதிப்பெண் அழகாக இறங்கிவிடும். 0 போட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதச் சொல்லுங்கள், தானாகவே குறைந்துவிடும்.

எண்ணைப் பார்த்ததும் அடுத்து செய்ய வேண்டியது, 3, 4, 5 வாங்கின அம்சங்களை மட்டும் தனித்தாளில் எடை கூடினதிலிருந்து இறக்கி எழுதுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்ய வேண்டும், யார், எந்தத் தேதிக்குள். "மேனேஜ்மென்ட் முடிவு செய்ய வேண்டும்" என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள், ஒரு ஆள் பெயர் வேண்டும். ட்ரம் விஷயத்துக்கு முதலாளி பெயரையே எழுதத் தயங்காதீர்கள், பணிவாகக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பேங்க்குக்குப் போன அந்தத் தொகையையும் இப்போது எடுத்துப் பாருங்கள். ஆலைகளுக்கான எஸ்டிமேட்டுகளை ஏ.ஏ.சி.இ. என்ற செலவுக் கணிப்பு வல்லுநர்களின் அமைப்பு ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. ஸ்கோப் அநேகமாக ஒன்றும் முடிவாகாத ஐந்தாம் வகுப்பில், உண்மைச் செலவு எஸ்டிமேட்டைவிட 50 சதவீதம் வரை கீழேயும் 100 சதவீதம் வரை மேலேயும் போகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். சாதாரணக் கட்டடத்துக்கு அவ்வளவு அகலம் இருக்காது. இருந்தாலும் 500 புள்ளி நிற்கிற ஒரு வேலைக்கு எதிர்பாராத செலவுக்கென்று 5 சதவீதம் கன்டிஞ்சென்சி போட்டால் போதும் என்று அக்கவுண்ட்ஸ் சொல்லும்போது, உங்கள் கையில் இருக்கும் குறைப் பட்டியலை அவர் முன்னால் வைக்கலாம்.

மூன்றாம் பகுதிக்கு 159-தானே என்று அலட்சியம் வேண்டாம். இறக்குமதி மெஷினுக்கு யார் ஆர்டர் போடுவது, எப்போது வரும், எந்த வாசல் வழியாக உள்ளே போகும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது, சுவர் எழுப்பின பிறகு மெஷினுக்காக இடிக்கிற காட்சியைப் பார்க்காத மேஸ்திரி இந்த மாவட்டத்தில் இல்லை. வேலூர் வெயிலில் ஏப்ரல், மே மாதத்தில் கான்கிரீட் போடுகிறோமா, அக்டோபர் மழையில் அஸ்திவாரம் தோண்டுகிறோமா என்பதையும் இங்கேயே பேசிவிடுங்கள்.

சத்துவாச்சாரியில் இரண்டு மாடிக் கடை கட்டுகிறவருக்கு 64 அம்சமும் வேண்டியதில்லை, பயன்பாடு, நிலம், மண், தண்ணீர், அனுமதி, பின்னால் மாடி எழுப்பும் எண்ணம், பட்ஜெட் என்று பொருந்துகிற பத்துப் பதினைந்தை எடுத்து அதே மாதிரி தாளில் எழுதவைத்துப் பேசினாலே போதும், எண்கூடப் போட வேண்டாம்.

கடைசி மதிப்பீடு முடிந்ததும் பட்டியலையும் குறைத் தாளையும் டெண்டர் ஃபைலிலேயே சேர்த்து, வந்திருந்த எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாதி வேலையில் யாராவது வந்து இன்னொரு ஃப்ளோர் போட்டுவிடலாமா என்று கேட்டால், அதனால் மாறுகிற அம்சங்களை மட்டும் மறுபடி மதிப்பிட்டு, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதி, கேட்டவரிடமே அதற்கும் கையெழுத்து வாங்குங்கள்.